செத்த தோட்டா

பட்டறை மூலையில் இருந்த மணல் பீப்பாய்க்குள் ஏதோ தொப்பென்று விழுந்தபோது ரிவால்வர் மேஜைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. தோட்டா போடும் உருளை ஒரு பக்கம், பிடியின் மரக்கட்டைகள் ஒரு பக்கம், இரண்டாக முறிந்த ஸ்பிரிங் எண்ணெய்க் கிண்ணத்தின் ஓரத்தில். எலியாக இருக்கும் என்று ரிப்பேர்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை. அப்புறம்தான் எரிந்த வெடிமருந்தின் நாற்றம் மெல்ல மூக்குக்கு வந்தது. எந்த எலியிடமும் அந்த நாற்றம் வராது.

எழுந்து போய்ப் பார்த்தார். மணலில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் குழி. ஓரத்து மணல் இன்னும் உள்ளே சரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தால், தகரத் தட்டில் தனியாக வைத்திருந்த இரண்டு தோட்டாக்களில் ஒன்றுக்குக் குண்டைக் காணோம். பித்தளைக் கூடு மட்டும் வாய் கறுத்துக் கிடந்தது. தொட்டவர் விரலை உதறிக்கொண்டார்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கிடங்குக்காரத் தம்பி ஒருவன் துணியில் சுற்றி இந்தப் பழைய ரிவால்வரைக் கொண்டுவந்தான். செத்துப்போன அண்ணனுடையதாம். "சமயத்துல சரியா வெடிக்க மாட்டேங்குதுண்ணே" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. குழல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் எதிர்ப்பக்கம் நகர்ந்து நின்றதை ரிப்பேர்காரர் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

கூட வந்த ஆறு தோட்டாக்களும் பச்சைக் களிம்பு பிடித்தவை. ஒவ்வொன்றையும் மணலைப் பார்த்து இரண்டு முறை அடித்துப் பார்த்தார். டிக் என்ற சத்தத்தோடு சரி. பழைய தோட்டா சுணங்கி வெடிக்கும் என்பதால், தொழில் தெரிந்தவர் செய்கிறபடி, ஒவ்வொரு முறையும் குழலை மணலிலேயே ஊன்றி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. தோட்டாக்களின் அடியில் ஊசி குத்திய பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தன. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, தோட்டாவும் காலாவதி, விஷயம் அவ்வளவுதான் என்று முடிவுகட்டினார்.

இரண்டு முறை அடித்தும் வெடிக்காததைச் செத்த தோட்டா என்பார்கள். உருளை சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க அதைத்தான் உள்ளே போட்டுச் சுழற்றுவார்கள். அவரும் அதில் நான்கை எடுத்துப் போட்டார். பீப்பாய் முதுகுக்குப் பின்னால் இருந்தது, எழுந்திருக்கச் சோம்பல், செத்ததற்கு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது? வீட்டுக்குள் போகும் கதவின் கீலைக் குறிபார்த்து விசையை இழுத்தார். டிக். டிக். டிக். நாலாவதுக்கு விரல் மடங்கிய நேரம் பார்த்து மனைவி டீயோடு அந்த வாசலில் வந்து நின்றாள். விரல் நிற்கவில்லை. டிக் என்றதோடு ஸ்பிரிங்கும் முறிந்தது.

"இத்தனை வருஷம் பொறுத்துட்டு, இன்னைக்குத்தான் மனசு வந்துச்சாக்கும்" என்றாள் அவள். இருவருமே சிரித்தார்கள்.

இப்போது மணலுக்குள் மறுபடி தொப்.

தட்டில் இருந்த இரண்டாவது தோட்டாவும் கூடாகிப்போனது. கண்ணெதிரே. அதை யாரும் தொடவில்லை, அது அசையவும் இல்லை. ரிப்பேர்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். கிடங்குக்காரனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, உங்க அண்ணன் எப்படிப்பா செத்தாரு?"



"துடைக்கும்போது குழலுக்குள்ள எட்டிப் பார்த்தாருண்ணே. கை பட்டு டிக்னு விழுந்துச்சு. வெடிக்கல. தப்பிச்சேன்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. துப்பாக்கியைப் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை என்கிட்ட குடுத்தாரு. ராத்திரி நாங்க எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குத்தான் குழம்பு ஊத்திக்கிட்டிருந்தாரு. திடீர்னு கண்ணுல குண்டு பாஞ்சு சரிஞ்சாரு. பீரோ பூட்டினபடியே இருந்துச்சுண்ணே."

"இதைக் காலையில சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க கையால தொட்டிருப்பீங்களா?"

போனை வைத்தார். மேஜைமேல் அந்த நான்கும் ஒரே மாதிரி, பச்சையாக, அடியில் ஒரே மாதிரிப் பள்ளத்தோடு கிடந்தன. கடைசியாக அடித்தபோது எதைக் குறிபார்த்ததோ அதையே குண்டு தேடிப் போகிறது. எது கீலுக்கு, எது அவளுக்கு? மறுபடி மணலைப் பார்த்து அடித்து விடலாமென்றால் ஸ்பிரிங் இல்லை. பட்டறை முழுக்கத் தேடினாலும் இந்தக் கிழட்டு ரிவால்வருக்குப் பொருந்துகிற ஸ்பிரிங் கிடைக்காது. குறடை எடுத்தார். ஒவ்வொரு தோட்டாவாக மேஜையில் பொருத்திய இடுக்கியில் வைத்துக் குண்டைத் திருகிப் பிடுங்கினார், மருந்தைத் தண்ணீர் வாளியில் கொட்டினார், கூடுகளை எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினார். நான்கு ஈயக் குண்டுகளையும் மேஜை விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். மருந்து இல்லை, கூடு இல்லை. வெறும் ஈயம் என்ன செய்துவிடும் என்று வாய்விட்டே சொன்னார்.

கதவுப் பக்கம் படாரென்றது. கீலை ஒட்டிய மரத்தில் புதுத் துளை. மரத்தூள் காற்றில் மிதந்தது.

வரிசையில் மூன்று குண்டுகள்தான் இருந்தன.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை எடுத்தால் போய்விடும் என்று பார்த்தபடியே இருந்தார். இமைத்தார். படார். இரண்டு.

உள்ளே மனைவியின் குரல். "என்னங்க உடையுது அங்க?"

"ஒண்ணுமில்ல. நீ இங்க வராத. அங்கயே இரு."

சொல்லும்போதே தெரிந்தது, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். இரண்டு குண்டையும் அள்ளி வலது முஷ்டிக்குள் இறுக்கினார். என் சதையைத் தாண்டித்தானே போக வேண்டும், போகட்டும், என் கையைப் பிய்த்துக்கொண்டு போகட்டும். உள்ளங்கை திடீரென்று சுட்டது. படார். கீல் தெறித்துக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முஷ்டிக்குள் ஒன்று மிச்சம்.

சாய்ந்த கதவைத் தாண்டி ஓடினார். கட்டிலில் உட்கார்ந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளருகே விழுந்தடித்து உட்கார்ந்து இடது கையால் அவளை மார்போடு அணைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட இப்படி அணைத்ததில்லை. முஷ்டியை முழங்காலில் ஊன்றினார். நகங்கள் சதைக்குள் இறங்கின. ஈயம் இருந்தது. கனமாக. குளிர்ச்சியாக. இருந்தது.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"வேர்த்துக் கொட்டுது. பொய் சொல்லாதீங்க, காட்டுங்க."

"அப்புறம் காட்டுறேன். நீ பேசிக்கிட்டே இரு. ஏதாவது சொல்லு. நிறுத்தாத."

அவள் சிரித்தாள். அவர் தோளில் முகத்தைச் சாய்த்துச் சொல்லத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததை. தண்ணிக் குழாய் ஒழுகுவதை. காலையில் அவர் முழித்த முழியை நினைத்து நினைத்துச் சிரித்ததை. அவள் மூச்சு அவர் கழுத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நான் மனசுக்குள்ள என்ன நினைச்சேன்னு தெரியுமா, இந்த மனுஷன்"

உள்ளங்கை சுட்டது.

முஷ்டி மூடியபடியே இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் எதுவும் இல்லை.

அவள் தலை அவர் தோளில் கனத்தது. கழுத்தில் மூச்சு படவில்லை. சூடாக வேறு எதுவோ வழிந்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா" என்றார், கண்ணைத் திறக்காமல்.