பூக்க மறுத்த காட்டு ஐரிஸ்

நாற்றுப் பண்ணைக்காரி படியேறும்போதே கத்திக்கொண்டுதான் ஏறினாள்.

"என் கொழுந்தன் என் வயித்துல அடிச்சுட்டான் சார்! பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டேன். அவன்தான் திருடன்னு நீங்க வந்து நிரூபிச்சுக் குடுங்க."

துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்பார்கள். அவர் வாய் திறப்பதற்குள், அவர் மனைவியின் தம்பியான மைத்துனன் செருப்பை மாட்டிவிட்டான். தன்னை உதவியாளன் என்று அவன் சொல்லிக்கொள்வான்; உபத்திரவம் என்பது அவன் அக்காவின் கருத்து.

விஷயம் இதுதான். பாறைச் சரிவுகளில் தானாக வளரும் காட்டு ஐரிஸ் பூச்செடியைக் கொண்டுவந்து அவள் பண்ணையில் வளர்க்கிறாள். ஒருமுறை நட்டால் வருடாவருடம் தழைக்கும். போன வருடம் பாத்தி முழுக்க ஊதாப் பூ. இந்த வருடம் ஒரு மொட்டுகூட இல்லை. ஆனால் கொழுந்தனின் அறைக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டில் அதே செடி ஜம்மென்று பூத்திருக்கிறது. நல்ல கிழங்கையெல்லாம் அவன் திருடி அங்கே நட்டுக்கொண்டான் என்பது அவள் புகார்.

"விஷம் வெச்சிருப்பான் அத்தான்!" என்றான் மைத்துனன், பாத்தியைப் பார்த்ததும்.

"இலையைப் பாருடா. விஷம் குடிச்ச மூஞ்சியா இது?" நிதானத்துக்கே எரிச்சல் வந்தது. இலைகள் கரும்பச்சையாய்க் கொழுத்திருந்தன. வரிசை நெடுக மண்ணை மேடாகக் குவித்துத் தட்டிவிட்டிருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

குப்பைமேட்டில் உடைந்த செங்கற்களின் மேல் கிழங்குகள் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. பக்கவாட்டு வேர்கள் மட்டும் இடுக்குகளில் இறங்கியிருந்தன.

"கிழங்கைப் பிரிச்சு நட்டப்போ மிச்சத்தை என்னம்மா பண்ணீங்க?" என்றார் நிதானம்.

"சொத்தையெல்லாம் தூக்கிக் கடாசினேன். அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறது?"

அவள் கணவர் தண்ணீர்க் குழாயோடு வந்தார். "தம்பி ரேடியோ ரிப்பேர் பண்றவன் சார், மண்வெட்டியத் தொட்டதே இல்ல. நான்தான் கல்யாணத்துக்கு முன்னாடி இஞ்சித் தோட்டம் வெச்சிருந்தேன். அந்த விளைச்சலை நீங்க பார்த்திருக்கணும்!"

"ஆரம்பிச்சாச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

நிதானம் எல்லோரையும் பாத்தியருகே அழைத்தார். வாசலில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த கொழுந்தனும் வந்து நின்றான்.

"குப்பைமேட்டுச் செடிய யாரும் நடல. நட்டிருந்தா குழி இருக்கும். நீங்க கடாசினதுதாம்மா அது. கிடந்த இடத்துலயே வேர் பிடிச்சிருச்சு. இந்தக் கிழங்கு பார்க்க இஞ்சி மாதிரி இருக்கும், குணம் நேரெதிர். இஞ்சிக்கு மண்ணு அணைக்கணும். இதுக்கு முதுகு வெயில்ல காயணும். புதைச்சா இலை விடும், பூ விடாது. இவ்வளவு அழகா மண்ணு அணைக்க ரேடியோக்காரனால முடியுமா?"

எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள்.

"கிழங்கு வெயில்ல காயுதேன்னு பாவமா இருந்துச்சு," என்றார் அவர். "மத்தியானம் நீ கண்ணசர்றப்போ கொஞ்சம் கொஞ்சமா அணைச்சு விட்டேன். அதனாலதான் பூக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, மனுஷா!"

"மண்ணைத் தள்ளி விடுங்க, அடுத்த வருஷம் பூத்துரும்," என்றார் நிதானம். அவருக்கு அலுத்துவிட்டது.

கொழுந்தன் அண்ணியிடம் மெதுவாகச் சொன்னான். "நீங்க திருடன்னு சொன்னதுகூடப் பரவால்ல அண்ணி. அதக் கேட்டுக்கிட்டு அண்ணன் சும்மா நின்னாரே."

அவன் திரும்பி வாசலுக்குப் போனான். கணவர் தரையைப் பார்த்தார். மனைவி விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறினாள். கட்டிலைக் கீழே இறக்க ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். அது அசையவில்லை.

"தப்பு என்னோடதுதான், போதுமா? நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த மனுஷனோட நான் ஒத்தையா மல்லுக்கட்டணும். பிடிடா அந்தப் பக்கம்!"

கொழுந்தன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.