அத்தபாஸ்காவில் ஒரு பொய் வீடு

"கட்! கட்! யாரது... அந்தப் பொம்பளை யாரு?"

டைரக்டர் ஒலிபெருக்கிக் குழாயில் போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது. புல்வெளி நடுவில் நின்ற ஃபிலோமினுக்கு அது காதில் விழவே இல்லை. அவள் கண்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. வளைந்து போகும் ஓடை... அதை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறைகள்... அதற்குப் பின்னால்...

குளம்புச் சத்தம் கேட்டுத் திரும்பியபோது குதிரை மிக அருகில் வந்துவிட்டது. மேலே சிவப்புக் கோட்டுப் போலீஸ்காரன் வேஷத்தில் ஒரு நடிகன். நிறுத்தத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். அதற்குள் பக்கவாட்டிலிருந்து யாரோ பாய்ந்து அவளை இழுத்தார்கள். இரண்டு பேருமாகச் சேற்றில் உருண்டார்கள்.

எழுந்த வேகத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அத்தபாஸ்கா ஆற்றுத் தண்ணீரின் நிறம் அந்தக் கண்களுக்கு... சாம்பலா, பச்சையா என்று சொல்ல முடியாத நிறம்.

"உயிரைக் காப்பாத்தினா உங்க ஊர்ல இப்படித்தான் நன்றி சொல்வாங்களா?"

"தொடறதுக்கு முன்னாடி எங்க ஊர்ல ஒரு வார்த்தை கேப்பாங்க!"

"கேட்டிருப்பேன் மிஸ்... குதிரைதான் அவசரப்பட்டுச்சு."

சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. எல்லோரும் கேமராவைப் போர்த்த ஓடினார்கள். அவன் தன் தார்ப்பாயை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். பாதி தோள் வெளியே நனைந்துகொண்டிருந்தது. அதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. அவள் கவனித்தாள்.

அவன் பெயர் ஏமோஸ் டோபின். ஹாலிவுட்டிலிருந்து எல்லை தாண்டி வடக்கே வந்திருக்கும் படக் கம்பெனியின் தச்சன். அவள் ஃபிலோமின் டெலோர்ம். தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ரயில் பாதையோரம் தாயோடு இருப்பவள். மான்தோல் கோட்டும் மணி கோத்த காலணியும் தைப்பதில் அவளுக்குப் பெயர் இருந்தது. அதைக் கேள்விப்பட்டு நடிகர்களுக்கு உடுப்புத் தைக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் அவள் பிறந்தாள் என்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அவள் பால்பற்கள் விழத் தொடங்கிய வயதில், இந்த இடமெல்லாம் இனிமேல் பூங்கா, மலையைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இங்கே குடியிருந்த, பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டிஸ் குடும்பங்கள் சட்டி பானையைக் குதிரைமேல் கட்டிக்கொண்டு வெளியேறின. கால் நூற்றாண்டுக்குப் பிறகு இப்போதுதான் அவள் உள்ளே வந்திருக்கிறாள். அதுவும் கோட்டுத் தைக்க!

படப்பிடிப்பு ஒரு கூத்து. ஆடி மாதத்து வெயிலில் பனிக்காலத்தை எடுத்தார்கள். ஏணிமேல் நின்று ஏமோஸ் வெள்ளை பூசிய சோளப்பொரியைச் சாக்குச் சாக்காகக் கொட்டுவான். காற்றாடி அதைப் பனிப்புயலாகச் சுழற்றும். புயல் ஓய்ந்ததும் அணில்கள் இறங்கிவரும்.

"தச்சரே, உங்க பனியை அணில் தின்னுட்டுப் போகுது!"

"தின்னட்டும் மிஸ். மழை வந்தா கஞ்சியாயிடும். அதுக்கு இது தேவலை."

"எங்க பனியைத் தின்னு பாருங்க... பல்லு போயிடும்."

கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பொன்முடிக்காரி முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு வேட்டைக்காரன் மகளாக நடித்தாள். சிவப்புக் கோட்டுக்காரன் எத்தனை ஆறு நீந்தினாலும் கோட்டில் ஒரு கறை ஒட்டாது. வில்லன் மட்டும் மெட்டிஸ். இந்தப் படங்களில் அவன்தான் எப்போதும் வில்லன். குடிப்பான், காலணிக்குள் கத்தி வைத்திருப்பான், கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுப்பான். அவன் கோட்டு விளிம்பில் இன்னும் தோல் தொங்கல் வேண்டும், இன்னும் வேண்டும் என்று டைரக்டர் நச்சரித்தார்.

"இவ்வளவு தொங்கலோட எங்க ஆளுங்க புதருக்குள்ள போனா அங்கேயே மாட்டிக்கிட்டுத் தொங்குவாங்க," என்றாள் ஃபிலோமின், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

ஏமோஸ் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினான்.

"உங்க ஆளுங்களா?"

"ஏன்? முகத்துல சாயம் பூசினாத்தான் நம்புவீங்களோ?"

 மறுநாள் வில்லன் கோட்டில் பாதித் தொங்கலைக் காணவில்லை. ஏமோஸைக் கேட்டதற்கு, "அணில் தின்னுடுச்சு," என்றான்.

அவனுக்கு ஓக்லஹோமாவில் கோதுமை நிலம் இருந்ததாம். புழுதிப் புயல்கள் வந்து வந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டனவாம். அந்தப் புழுதியைச் சுவாசித்தே மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மகள் ஹேசல், கலிஃபோர்னியாவில் அவன் அக்கா வீட்டில் வளர்கிறாள்.

"வீடு அப்படியே நின்னுச்சு. நிலந்தான் போயிடுச்சு," என்றான் ஒருநாள், தேநீர்க் குவளையைப் பார்த்தபடி. "உங்களுக்கு எப்படி?"

"எங்களுக்கு நிலம் நிக்குது... எங்களைத்தான் போகச் சொன்னாங்க."

 அன்றிலிருந்து அவன் 'மிஸ்' என்பதை விட்டுவிட்டான். அவளுக்கும் 'நீங்க' எங்கோ நழுவிப் போயிற்று.

படத்துக்காக ஏமோஸ் ஒரு மரவீடு கட்டினான். டைரக்டர் காட்டிய இடத்தில், அந்த இரட்டைப் பாறைக்குப் பின்னால். வேலை முடிந்த அன்று அவளை உள்ளே கூட்டிப்போனான்.

"எப்படி இருக்கு? மூணு பக்கந்தான் சுவர். நாலாவது பக்கம் கேமராவுக்கு..."

அவள் அடுப்படியில் பதித்திருந்த அகலமான கருங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லின் ஓரத்தில் கோடரி தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம்.

"இந்தக் கல்லு... எங்கே கிடைச்சுது?"

"இங்கேதான். புல்லுக்குள்ள ஒரு குவியல் கிடந்துச்சு. பழைய புகைபோக்கி போல."

"எங்கப்பா கோடரி தீட்டின கல்லு, ஏமோஸ்." அவள் மண்டியிட்டுப் பள்ளத்தில் விரலை வைத்தாள். "எங்கம்மா அடுப்பு இது."

மலை இடிந்து தலையில் விழுந்ததுபோல் நின்றான் அவன். அவள் அழவில்லை. அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்... அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பொன்முடி நடிகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தோலு சீக்கிரம் தீப்பிடிக்குமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஏன்?"

"கடைசிக் காட்சியில வீட்டைக் கொளுத்துவாங்களே... வில்லன் உள்ளே மாட்டிக்குவான். நான் வாசல்ல நின்னு கத்தணும். முதல் நாள்லயே சொல்லிட்டாங்களே, உனக்குத் தெரியாதா?"

ஃபிலோமின் கையிலிருந்த நாடா கீழே விழுந்தது.

சுள்ளி வெட்டிக்கொண்டிருந்த ஏமோஸின் எதிரில் போய் நின்றாள்.

"கொளுத்தறதுக்குத்தான் கட்டினியா?"

அவன் கோடரியை மெல்லக் கீழே வைத்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்... அந்தக் கல்லைப் பார்த்த உன் முகத்தைப் பார்த்தப்புறம்... வாய் வரலை."

"எனக்குத் தெரிஞ்ச கதைதான். எங்க வீட்டுக்கு எப்பவும் வெளியாளுங்க முடிவு பண்ணுவாங்க. கடைசியா எங்களுக்குச் சொல்லுவாங்க!"

"ஃபிலோமின்..."

"மிஸ் டெலோர்ம்."

அன்றோடு பேச்சு நின்றது. கோட்டுகளை வீட்டிலேயே தைத்து லாரியில் அனுப்பினாள். ஊசி குத்தி ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலில் வழியும் மழையைப் பார்ப்பாள். 'வரட்டும்... வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் நெஞ்சு முதலில் போய்க் கதவருகே நிற்கும்.

ஒரு காலையில் வந்தே விட்டான். தொப்பியைக் கையில் பிடித்தபடி... ஆனால் அவளைப் பார்க்கவில்லை. நேரே அவள் அம்மா மதலேன் படுத்திருந்த கட்டிலருகே போனான்.

மதலேனுக்குப் பார்வை மங்கிப் பல வருஷமாகிறது. கால்களும் ஓய்ந்துவிட்டன. வைராக்கியம் மட்டும் ஓயவில்லை. பள்ளத்தாக்கைப் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று யார் சொன்னாலும், "என் வாசலுக்கு நான் சீட்டு வாங்கிட்டுப் போகணுமா? பூங்காவும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"அம்மா, நான் ஒரு வீடு கட்டியிருக்கேன்," என்றான் ஏமோஸ். "உங்க அடுப்பைத் தெரியாம எடுத்து வெச்சுட்டேன். சரியா வெச்சிருக்கேனான்னு வீட்டுக்காரங்கதான் வந்து பார்த்துச் சொல்லணும். நாளைக்கு அது இருக்காது. இன்னைக்கு ஒருநாள்தான்."



"சீட்டு?" என்றாள் கிழவி.

"கம்பெனி லாரிக்குச் சீட்டு கிடையாதும்மா."

கிழவி முகத்தை மகள் பக்கம் திருப்பினாள். பிறகு, "மின், என் நல்ல சால்வையை எடு," என்றாள்.

லாரியிலிருந்து அந்த வீட்டுக்குள் அவளைக் குழந்தையைப்போல் தூக்கிப்போனான். டைரக்டர் மறுபுறம் ஆற்றங்கரையில் படமெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டருகே யாரும் இல்லை. அடுப்படியில் உட்கார வைத்தான். மதலேன் கல்லைத் தடவினாள். பள்ளத்தில் அவள் விரல்கள் நின்றன. பக்கத்தில் பழகிய ஆள் உட்கார்ந்திருப்பதுபோல், முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டாள்.

"தலைகீழா வெச்சிருக்கான் பையன்," என்றாள்.

"மாத்திடறேம்மா..."

"விடு, விடு. நீதான் கட்டினியா? ஒரு பக்கம் சுவரே இல்லையே. காத்து அடிக்குது."

"இது சினிமா வீடும்மா," என்றாள் ஃபிலோமின். "பொய் வீடு."

"அது எனக்குத் தெரியாதா? காத்து நம்ம காத்துதானே." கிழவி முகத்தை அந்தத் திறந்த பக்கமாகத் திருப்பினாள். "படத்துல இந்த வீட்டுல யாரு இருக்கா?"

ஏமோஸ் தயங்கினான். "யாருமில்லம்மா... மனுஷக் காலடி படாத காடுன்னுதான் படம் ஆரம்பிக்குது. வில்லன் வந்து ஒளிஞ்சுக்கறான்."

மதலேன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "அஞ்சு பிள்ளை பெத்தேன் இங்கே," என்றாள். "ஒண்ணைப் புதைச்சேன். காலடி படலையாம்..."

அன்று மதியம் ஏமோஸ் அந்த அடுப்பில் நெருப்பு மூட்டினான். ஃபிலோமின் அடுப்பிலேயே ரொட்டி சுட்டாள். தாய் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து குழந்தைபோல் தூங்கிப்போனாள். அவள் எழும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்... பேசினால் அவள் விழித்துவிடுவாள் என்று பேசாமலே.

மறுநாள் வீட்டைக் கொளுத்தினார்கள்.

தீப்பந்தத்தை ஏமோஸிடம் நீட்டினார் டைரக்டர். "என்னால முடியாது சார்," என்றான் அவன். டைரக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார். மண்ணெண்ணெய் குடித்த மரம் ஒரு மூச்சில் பற்றியது. பொன்முடிக்காரி அழகாகக் கத்தினாள். சிவப்புக் கோட்டு கம்பீரமாக நின்றது.

ஃபிலோமின் பாறைக்குப் பக்கத்தில் நின்றாள். ஊரை விட்டுப் போன அன்று சிறுபெண்ணாக அவள் அழவில்லை. குதிரைமேல் உட்காரக் கிடைத்ததே என்று குதூகலமாகப் போனவள். அன்று அழாமல் விட்ட அழுகையெல்லாம் இன்று வந்தது. ஏமோஸ் வந்து பக்கத்தில் நின்றான். 'அழாதே' என்று சொல்லவில்லை. கூரை சரியும்வரை கூடவே நின்றான்.

"கம்பெனி சாயங்காலமே கிளம்புது," என்றான் கடைசியில். "என்னை வேலையை விட்டு எடுத்தாச்சு. இருந்தாலும் ரயில்ல ஏத்திவிடறாங்க."

"ம்..."

"நிறைய வீடு கட்டியிருக்கேன் ஃபிலோமின். எல்லாம் மூணு சுவர் வீடு. ஒரு வீட்டையும் விட்டுப் போறதுக்கு மனசு இப்படி வலிச்சதில்லை. நேத்து... உங்கம்மா தூங்கினாங்களே... அப்பத்தான் தெரிஞ்சுது, நீ இருக்கிற இடந்தான் எனக்கு வீடுன்னு." அவன் அவள் பக்கம் திரும்பினான். "இருன்னு ஒரு வார்த்தை சொல்லு. இருந்துடறேன்."

'இரு' என்ற அந்த ஒரே சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ இருந்துடுவ. அங்கே ஒரு பொண்ணு தினம் வாசல்ல நின்னு, அப்பா வருவாரான்னு பார்த்துட்டு நிப்பா. ஒரு குழந்தையோட வீட்டைப் பிடுங்கி நான் குடியிருக்கணுமா ஏமோஸ்? அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"அப்போ நீ வா... அம்மாவையும் கூட்டிட்டு..."

"அம்மா இந்தக் காத்தை விட்டு வர மாட்டா. அவளை விட்டு நான் வர மாட்டேன்."

அவன் தலைகுனிந்தான். தொப்பியைத் தலையில் வைக்கப் போய், வைக்காமல் நின்றான்.

"என்மேல இன்னும் கோபமா?"

"கோபமா?" அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. புகைபட்டுக் கறுத்திருந்த அவன் கன்னத்தை, முதல் நாள் அறைந்த அதே கன்னத்தை நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் சட்டென்று தாழ்ந்துவிடும் அவள் கண்கள் இந்த முறை தாழவில்லை. "மக்கு... உன்மேல உசுரையே வெச்சிருக்கேன். அதனாலதான் போன்னு சொல்றேன். போ... உன் பொண்ணுகிட்ட போ. நீ வந்தாலும் வராட்டியும் எனக்கு இந்த ஜென்மத்துல வேற ஆள் கிடையாது. போதுமா?"

ஏமோஸ்  அவள் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

பாதையில் லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. "போ," என்றாள் அவள். அவள் கையும் அவனை விடவில்லை.