தட்டித் தூங்கவைத்த சூரியகாந்தி

ஒட்டடைக்குச்சி என்று வகுப்பே கூப்பிடும் அந்த நெட்டைச் சிறுமியின் சூரியகாந்திச் செடி, தொட்டிக்குள் தொப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுத் தோழியின் செடியோ ஜன்னலைத் தாண்டி, மாடி வீட்டில் என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கும் உயரம்.

“வீட்டுல வளர்த்த செடிகளை எல்லாரும் நாளைக்குக் கொண்டு வாங்க. நல்லா நிமிர்ந்து நிக்கிற செடிக்குத்தான் பள்ளித் தோட்டத்துல இடம்” என்று டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அளவுகோலை எடுத்துக்கொண்டு செடியை அளக்கப் போனாள்.

அப்போதுதான் தம்பிப் பொடியன் செடியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

“டேய், என்னடா பண்றே?”

“தூங்க வைக்கிறேன்கா. தினமும் வைக்கிறேனே!”

“உன்னாலதான்டா இது குள்ளமாப் போச்சு!”

பொடியனின் உதடு பிதுங்கியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“சரி, அழாதே. இன்னைக்கும் தூங்க வை.”

மறுநாள் வகுப்பில் எல்லாத் தொட்டிகளும் வரிசையாக நின்றன. டீச்சர் மின்விசிறியைப் போட்டார். அவ்வளவுதான்! நெட்டைச் செடிகள் எல்லாம் டீச்சருக்கு வணக்கம் சொல்லிக் கவிழ்ந்தன. பிறகு எழுந்திருக்கவே இல்லை. குள்ளச் செடி மட்டும் அசையவில்லை.

“இதை யாராவது தொட்டுக்கிட்டே இருந்தீங்களா?” என்றார் டீச்சர்.

“தம்பி தினமும் தடவுவான், டீச்சர்.”

“அதான் சங்கதி! தண்டுல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஓரத்தைச் சுத்தி, பீப்பாய்க்கு வளையம் போட்ட மாதிரி நுண்குழாய்கள் இருக்கு. அதனால செல் பருக்க முடியாம மேல நீளும். தொடத் தொட, செடிக்குள்ள ஒரு ஹார்மோன் சுரக்கும். அது வளையங்களைத் திசை திருப்பிடும். அப்புறம் செல் பக்கவாட்டுல பருக்கும், தண்டு உறுதியாகும்.”

குள்ளச் செடிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், கொஞ்ச நாள் பொறுங்களேன்” என்றாள் ஒட்டடைக்குச்சி. “குச்சி கட்டி நிமிர்த்தித் தடவினா, இனிமே வளர்ற தண்டாவது பருக்குமில்ல?”

“பருக்கும். ஆனா, ஒடியாமத் தடவ யாருக்குத் தெரியும்?”

“எங்க வீட்ல ஒரு ஆள் இருக்கார்!”

மறுநாளே பொடியன் வந்தான், வாத்தியார் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு செடியாகத் தடவிக் காட்டினான். தினமும் வந்தான். புதுத் தண்டுகள் பருத்தன. கடைசியில் குச்சிகளை அவிழ்த்தபோது ஒரு செடிகூடச் சாயவில்லை. எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் இடம்.

நட்டு முடித்ததும் பொடியன் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் தடவிவிட்டு, உதட்டில் விரலை வைத்தான்.

“உஷ்! எல்லாம் தூங்கிடுச்சு.”

அன்று பள்ளி மணியைக்கூடத் துணி சுற்றித்தான் அடித்தார்கள்.