மூன்று வார விழிப்பு

மூளைவாயில் ஆய்வு தொடங்கிப் பதினாறு மாதங்கள் ஆகியும் அதிலிருந்து ஒருவர்கூட விலகவில்லை.

மொத்தம் அறுபத்தொரு பெண்கள். எல்லோருக்கும் மார்பகத்தில் தொடங்கி மூளைக்குப் பரவிய புற்றுநோய். வேறு எந்த மருந்தாய்வாக இருந்தாலும் இந்நேரம் பத்துப் பேராவது வாந்தி தாங்கவில்லை என்றோ, அலைய முடியவில்லை என்றோ, போதும் என்றோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். திருச்சி மருத்துவமனையின் ஆய்வுச் செவிலி அமலோற்பவம், மாத அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘விலகியோர்: இல்லை’ என்றே எழுதினாள். இருபத்தெட்டு ஆண்டு வேலையில் அப்படி ஒரு வரியை அவள் எழுதியதில்லை.

மார்பகப் புற்றைக் கரைக்கும் நல்ல மருந்துகள் வந்து வெகுகாலமாகிவிட்டது. அவை மூளைக்குள் மட்டும் நுழைவதில்லை. மூளையின் ரத்தக் குழாய்களில் இயற்கை கட்டி வைத்திருக்கும் நெருக்கமான சுவர், நஞ்சைத் தடுப்பதுபோலவே மருந்தையும் தடுத்துவிடும். உடம்பெல்லாம் தேறிய பெண், தலைக்குள் முளைத்த நாலைந்து சிறு கட்டிகளால் இறந்துபோவாள். டாக்டர் நப்பின்னை அந்தச் சுவரில் ஒரு வாயில் வைத்தார். மண்டையோட்டில் பதிக்கப்படும் மீயொலித் தகடு, காதுக்குக் கேட்காத அதிர்வால் சுவரை மயிரிழை அளவு திறந்தே வைத்திருக்கும். அந்த வழியாக மருந்து உள்ளே போகும். ஆறு மாதம் என்று கெடு வைக்கப்பட்ட பெண்கள் ஓராண்டு தாண்டியும் தாங்களே பஸ் ஏறி வந்து போனார்கள்.

அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த உணர்மானி, வலியையும் பதற்றத்தையும் எண்களாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அறுபத்தொரு பேருக்கும் பதற்றம் ஏறக்குறைய பூஜ்யம். மாநாட்டில் அந்த வரைபடத்தைக் காட்டியபோது அரங்கம் எழுந்து நின்றது.

தியாகேசன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். லால்குடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் மனைவி செங்கமலம் ஆய்வில் நாற்பத்து மூன்றாம் எண். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் அவள் அதட்டினால் அந்தக் கோடியில் மூச்சு நிற்கும் என்று சொல்வார்கள். தியாகேசன் அன்று தனியாக வந்திருந்தார்.

“ஏதாவது தொந்தரவா சார்?” என்று அமலோற்பவம் கேட்டாள்.

“தொந்தரவு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அதத்தான் சொல்லலாம்னு வந்தேன்.” அவர் உட்காரவில்லை. “ஈரத் துண்டக் கட்டில்ல போடுறதுக்கு இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட சண்ட போடுவா. இப்ப நாலு மாசமா சண்டையே இல்ல. போன வாரம் வேணும்னே போட்டுப் பாத்தேன். எடுத்துக் காயப்போட்டுட்டு, சாப்புடுறீங்களான்னு கேட்டா.”

“நல்லதுதானே சார்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். முந்தாநாள் எங்க பொண்ணு நறுமுகை சைக்கிள்லேருந்து விழுந்து, முட்டியெல்லாம் ரத்தமா வந்து நின்னா. இவ கழுவுனா, மருந்து போட்டா, கட்டுப் போட்டா. ஒரு கொற சொல்ல முடியாது. புள்ள எங்கிட்ட வந்து, ‘அப்பா, அம்மா என்னைய நர்ஸ் மாதிரி பாக்குறாங்க’ன்னு அழுதுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்.”

“இல்ல, சொல்லுங்க.”

“அவ்ளோதான்.”

அந்த வாரக் கடைசியில் செங்கமலம் மாதச் சோதனைக்கு வந்தாள். தலையில் தழும்பு தெரியாதபடி முடி வளர்ந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் நோயாளியிடம் சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அமலோற்பவம் வழக்கம்போலக் கேட்டாள்.

“ஆய்வைத் தொடரலாமா டீச்சர்?”

“தொடரலாம் சிஸ்டர்.”

பேனாவை நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“இல்ல, நிறுத்திடலாமா?”

“சரி, நிறுத்திடலாம்.”

“நிறுத்துனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும். கட்டி திரும்ப வளரும். ஒரு ஆறு மாசம் இருப்பேன்.” அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல இருந்தது.

“பயமா இல்லையா?”

செங்கமலம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். “பயப்படணும்னு தெரியுது சிஸ்டர்” என்றாள்.

அடுத்த பத்து நாட்களில் அமலோற்பவம் இன்னும் பதினொரு பேரிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டாள். பதினொரு பேரும் தொடரச் சம்மதித்தார்கள். பதினொரு பேரும் நிறுத்தச் சம்மதித்தார்கள்.

டாக்டர் நப்பின்னை அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கட்டியைத் தேடிப் போகும் மருந்தில் ஒரு பங்கு, அச்சமும் பாசமும் பிறக்கும் இடத்தில் போய்த் தங்கிவிடுகிறது என்பது படங்களில் முன்பே மங்கலாகத் தெரிந்ததுதான். அறிவும் நினைவும் குறையாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“உயிரோட இருக்காங்க அமலா” என்றார்.

“இருக்காங்க டாக்டர். ஆனா நம்மகிட்ட இருக்கிற அறுபத்தொரு கையெழுத்தும் கையெழுத்தே இல்ல.”

ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிக்குழு மூன்று முறை கூடியது. சம்மதம் செல்லாது என்றால் ஆய்வை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எல்லோரும் இறந்துபோவார்கள். கடைசியில் வழி சொன்னதும் டாக்டர் நப்பின்னைதான். தகட்டை அணைத்துவிட்டால் வாயில் மூடிக்கொள்ளும். மூளையில் தங்கிய மருந்து ஒன்பது நாளில் வடிந்துவிடும். மூன்று வாரத்துக்குள் கட்டி பெரிதாக ஒன்றும் வளர்ந்துவிடாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் வாயிலை மூடி, உணர்வு திரும்பிய பிறகு கேட்பது. குழு அதற்கு விழிப்பு வாரங்கள் என்று பெயரிட்டது.

செங்கமலத்துக்கு முதல் விழிப்பு மார்ச் மாதம் வந்தது. பத்தாம் நாள் காலை, மருத்துவமனைக் கட்டிலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். தட்டைக் கீழே வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மகளை அருகே வரச்சொல்லி, அவள் முழங்கால் தழும்பை விரலால் தொட்டாள்.

“ரொம்ப வலிச்சுதாடி?”

“அது எப்பவோ ஆறிடுச்சும்மா” என்றாள் நறுமுகை.

செங்கமலம் அழத் தொடங்கினாள். ஏழு மாதம் வராத எல்லாம் வரிசையில்லாமல் வந்தது. தியாகேசனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாள். அதற்குப் பிறகு பயம் வந்தது. இரண்டு நாள் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. உணர்மானியின் கோடு காகிதத்தின் மேல் விளிம்பைத் தொட்டு நின்றது.

பத்தொன்பதாம் நாள் அமலோற்பவம் கேட்டாள். “தொடரலாமா டீச்சர்?”

“தொடரணும். சாகப் பயமா இருக்கு சிஸ்டர். புள்ள பன்னெண்டாவது முடிக்கணும்.” அவள் குரல் பழைய மைதானக் குரலாக இருந்தது. “ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதடவ என்னைய இப்படி வெளிய விட்டுறணும். இந்த மூணு வாரம் எனக்கு வேணும். அப்புறம் நானே வேணாம்னு சொன்னாலும் கேக்காதீங்க. எழுதிக்குங்க.”

அமலோற்பவம் சொன்னது சொன்னபடி எழுதினாள். செங்கமலம் கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சுற்றில் ஐம்பத்தேழு பேர் தொடர்ந்தார்கள்; ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் கோப்பில் வாக்குமூலமாகப் பதிவானது. நான்கு பேர் விலகி, அந்த ஆண்டுக்குள் தங்கள் வீடுகளில் இறந்தார்கள். அறிக்கையில் முதன்முறையாக ‘விலகியோர்: நால்வர்’ என்று எழுதிய அன்று, டாக்டர் நப்பின்னை அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பதான் இது ஆய்வு” என்றார்.

இரண்டாம் விழிப்பு செப்டம்பரில். அது முதலாவதைப் போல இல்லை; இந்த முறை அவளை வீட்டிலேயே இருக்க விட்டார்கள். நடுவில் போன ஆறு மாதமும் செங்கமலத்துக்கு நினைவிருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் நடந்ததுபோல இருந்தது. நறுமுகை தன்னிடம் எதையும் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டாள் என்பதை உணர்வு திரும்பிய மூன்றே நாளில் கண்டுகொண்டாள். மகளைப் பள்ளிக்குப் போகவிடாமல் மடியில் போட்டு வைத்துக்கொண்டாள். சமையலறையில் தட்டுகளை உடைத்தாள். கடைசி நாளில் மருத்துவமனைக்கு வந்து, வாயிலைத் திறக்க வேண்டாம் என்று தியாகேசனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பிறகு தானாகவே எழுந்து போய், தகட்டை இயக்கும் கட்டிலில் படுத்தாள். மறுநாள் மாலைக்குள் முகம் அமைதியாகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது, “தட்டு வாங்கணும்ங்க, நாலு குறையுது” என்றாள்.

எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ இதுதான் நடந்தது. உணர்மானியின் எண்களைப் பார்த்த நெறிக்குழு, விழிப்பு வாரங்கள் நோயாளிக்குக் கடுந்துன்பம் தருகின்றன என்று பதிவு செய்தது. நோயாளி சம்மதித்தால் விழிப்பைத் தவிர்க்கலாம் என்று புதிய விதி வந்தது. அதற்கு ஒரு படிவமும் வந்தது.

மூன்றாம் விழிப்புக்கு ஒரு வாரம் முன்பு தியாகேசன் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

“இந்தத் தடவ மூட வேணாம் சிஸ்டர். அவ இருக்கிறபடியே இருக்கட்டும்.”

“நீங்கதானே சார் முதல்ல வந்து...”

“நான்தான். மறக்கல.” அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். “மூணு வாரம் முடிஞ்சு அவ திரும்பப் போறப்ப, எங்க வீட்டுல ஒரு சாவு விழுந்த மாதிரி இருக்கு. ரெண்டு தடவ பாத்துட்டோம். புள்ளைக்கு இப்ப பரீட்ச. ‘அம்மா இப்படியே இருந்தாப் போதும்பா’ங்குறா. இப்படியிருக்கிறவளோட இருந்து நாங்களும் பழகிட்டோம்.”

அமலோற்பவத்தின் மேசையில் அதே வேண்டுகோளோடு ஏற்கெனவே ஒன்பது குடும்பங்களின் கடிதங்கள் இருந்தன.

அவள் டாக்டர் நப்பின்னையிடம் போனாள். “மருந்து உள்ள இருக்கிறப்ப வாங்குற சம்மதம் செல்லாதுன்னு நாமதான் டாக்டர் சொன்னோம்.”

“ஆய்வுக்குத்தான் செல்லாது. துன்பத்தத் தவிர்க்கிறதுக்குச் செல்லும்னு குழு சொல்லுது.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் புரியுது அமலா. ஆனா கடைசி நாள்ல அவங்க கத்துறத நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன்.”

வியாழக்கிழமை காலை அந்தப் பத்துக் குடும்பங்களின் பெண்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முதலில் செங்கமலம். அமலோற்பவம் கோப்பிலிருந்து பழைய வாக்குமூலத்தை எடுத்து உரக்கப் படித்தாள். நானே வேண்டாம் என்றாலும் கேட்காதீர்கள் என்ற வரியை இரண்டு முறை படித்தாள்.

“இத நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா டீச்சர்?”

“இருக்கு சிஸ்டர். நான்தான் சொன்னேன்.”

“இப்ப என்ன செய்யலாம்? விழிப்பு வேணுமா?”

“சரி, வேணும்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தியாகேசன் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் சாய்ந்தபடி நறுமுகை ஒரு பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். படிக்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறோமோ அதுதான் பதில் என்பது அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. பழைய வாக்குமூலத்தைக் கோப்புக்குள் வைத்து மூடினாள். பிறகு படிவத்தில் அச்சிட்டிருந்தபடி கேட்டாள்.

“இந்தத் தடவ விழிப்பைத் தவிர்க்கலாமா?”

“தவிர்க்கலாம் சிஸ்டர்.”

கையெழுத்து வாங்கும்போது அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செங்கமலம் அதைக் கவனித்து, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பரீட்சையில் நறுமுகை நல்ல மதிப்பெண் வாங்கினாள். செங்கமலம் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். அவளுக்கு விழிப்பு மறுபடி நடக்கவில்லை.

இரண்டாவது பெண்ணுக்கும் அமலோற்பவம் பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாள். மூன்றாவது பெண் அறந்தாங்கிக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்றதால் அதிலிருந்து ஒரு வரியை மட்டும் படித்தாள். நான்காவது பெண்ணின் கோப்பை அவள் திறக்கவில்லை. கேள்வியைக் கேட்டாள், பதிலைக் குறித்துக்கொண்டாள், அடுத்தவரை வரச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பத்துப் படிவங்களும் முடிந்துவிட்டன.