பூட்டைத் திறந்தவன்

"என் கதைய யாரோ திருத்தியிருக்காக சார்" என்றபடி ராஜசிங் உள்ளே வந்தபோது, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஜெபசுந்தர் மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

ராஜசிங் விருதுநகரில் பள்ளி ஆசிரியர். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், வெளியே பூட்டிய அறைக்குள் ஆறு பெண்கள் எரிந்துபோனதை நாவலாக எழுதியவர். அதைப் படமாக்க ஒரு இயக்குநர் கேட்டிருந்தார். சாபிரின் கம்ப்யூட்டர் சென்டரில் திரைக்கதை எழுதும் சாஃப்ட்வேர் இருந்தது. ராஜசிங் காட்சி காட்சியாகச் சொல்ல, டைப் அடித்தது அங்கே வேலை பார்க்கும் தங்கச்சாமி.

கடைசிக் காட்சி இப்போது இப்படி இருந்தது: "ஒருவன் ஓடிவந்து மருந்து ரூம் பூட்டைத் திறக்கிறான். ஒரு பெண் வெளியே வருகிறாள். பின்னால் அறை வெடிக்கிறது."

"ஆலை மேனேஜர் சீனிச்சாமி வேலைதான் அண்ணாச்சி" என்றான் ஆசிக். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவன். ஜெபசுந்தர் விசாரிக்கக் கிளம்பினால் கூடவே கிளம்பிவிடுவான். "நேத்து சென்டர்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாராம்."

சென்டரில் ஜெபசுந்தர் அந்தக் காட்சியை இரண்டு முறை படித்தார்.

"சாபிர், ஆளுக பேர ஒவ்வொரு தடவையும் முழுசா அடிக்கணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. முதல் எழுத்தத் தட்டுனா, முன்னாடி அடிச்ச பேர அதுவே காட்டும். அழிச்ச பேருகூட அங்கன நிக்கும்."

"ஒவ்வொரு எழுத்தா தட்டிப் பாரு."

'மா' என்று தட்டியதும் திரையில் ஒரு பெயர் வந்தது. மாடத்தி.

"என் நாவல்ல பேரெல்லாம் நானா வச்சது. அப்படி யாருமே இல்லையே" என்றார் ராஜசிங்.

"கம்பெனிக்காரன் திருத்தியிருந்தா பூட்டையே எடுத்திருப்பான்" என்றார் ஜெபசுந்தர். "இங்க பூட்டு அப்படியே இருக்கு. அஞ்சு பேர் சாவும் இருக்கு. ஒருத்தி மட்டும் பிழைக்கிறா. நீங்க நாவல் முழுக்க 'வெடிமருந்து அறை'ன்னு எழுதியிருக்கீக. இதுல 'மருந்து ரூம்'. ஆலைக்குள்ள புழங்குனவன் வாய்ல வர்ற பேச்சு. சாபிர் பருப்புக் கடைக் குடும்பம், ஆலைப் பக்கம் போனதில்ல. பூட்டத் தொறக்குறவனுக்குப் பேரே இல்ல பாத்தீகளா? தன் பேரத் தானே எழுத அவனுக்குக் கை வரல."

அவர் திரும்பினார். "மாடத்தி யாருப்பா, தங்கச்சாமி?"

தங்கச்சாமி விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரி சார். நானும் அங்கதான் லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். கதவுகிட்ட ஓடினேன். சாவி ஃபோர்மேன்கிட்ட இருந்துச்சு. படத்துலயாவது வெளிய வரட்டும்னு தோணுச்சு. பேர அடிச்சேன். பயந்து அழிச்சுட்டேன்."

ஆசிக் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். வெளியே மழை விடவில்லை.

ராஜசிங் அவன் பக்கம் திரும்பினார். "நீ அங்க இருந்தேன்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா ஒருத்தி வெளிய வந்துட்டா, கதவு தொறந்துதான் இருந்துச்சுன்னு ஆலைக்காரக பேசிருவாகளே."

தங்கச்சாமி தலையாட்டினான். நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த வரிகளை அவனே அழித்தான். 'பூட்டு பூட்டியபடியே இருக்கிறது' என்று அடித்தான். பிறகு கையை எடுத்தான்.

"உள்ள இருந்து என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டா சார். அது உங்க கதையில இல்ல. அதையும் அடிக்கட்டுமா?"

ராஜசிங் அவன் பின்னால் வந்து நின்றார். அவன் தோளில் கை வைத்தார்.

தங்கச்சாமி அடிக்கத் தொடங்கினான்.