ஐந்தாவது மெத்தை

அப்பாவின் கல்லறை மூன்று கோடி வோனுக்குப் போனது. உள்ளே அப்பா இல்லை என்பதால் பேரம் சுலபமாக முடிந்தது.

கொரியாவின் ஜேஜு தீவில், கடல் கொண்டுபோன ஆளுக்கு அவர் சட்டையைப் புதைத்து மேடு எழுப்புவார்கள். சுற்றிலும் கருங்கல் சுவர், சுவரில் ஓரடி இடைவெளி. என்றைக்காவது திரும்பி வந்தால் உள்ளே நுழைய வழி வேண்டாமா? வாளைமீன் பிடிக்கப் போன அப்பாவுக்காக அந்த வாசல் இருபது வருஷம் திறந்தே கிடந்தது.

மகள் சோன்ஹா வீடுகளை வடிவமைப்பவள். நிலத்தை விற்ற கையோடு, அதில் விடுமுறை வீடு கட்டும் வேலையையும் வாங்கினவரிடமே பேசிப் பிடித்தாள். சந்தையில் கருவாடு விற்பவள் பெற்ற பெண். ஒரே மீனை இரண்டு முறை விற்கத் தெரியும்.

வீடு அழகாகவே வந்தது. கடற்காற்றுக்குத் தலை குனிந்த தாழ்வான கூரை. சுவரில் ஒரு கல்கூட வெளியூர்க் கல் இல்லை. வாசலில் ஊர் வழக்கப்படி இரண்டு கல் தூண்கள், குறுக்கே போட மூன்று கம்புகள். மூன்றும் கிடந்தால் வீட்டுக்காரர் தொலைவில் இருக்கிறார். இரண்டு கிடந்தால் பொழுது சாய வருவார். ஒன்று என்றால் பக்கத்தில்தான். ஒன்றுமே இல்லையென்றால் உள்ளே இருக்கிறார்.

கல்லறைச் சுவரை அவள் இடிக்கவில்லை. மேட்டை மட்டும் சமன் செய்து, விருந்தாளிகள் நெருப்பு மூட்டி உட்காரும் வட்டமாக்கினாள்.

"வித்துக்கோ. காலி மேட்டுக்கா நான் அழப்போறேன்?" என்றிருந்தாள் அம்மா. "வாசலை மட்டும் அடைச்சிராதே. உங்கப்பா என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காரு."

சியோலிலிருந்து வந்து நிலத்தை வாங்கிய முதலாளி குவாக்குக்கு அந்த வாசல் பிடிக்கவில்லை. "மேடம், அந்தச் சந்துல காத்து வந்து நெருப்பை அணைக்குது. நாலு கல்லை வச்சு அடைங்க. கடைசித் தவணையை அன்னைக்கே அனுப்பிடறேன்."

அடைத்தாள். கை மரத்துப்போயிருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டு வாசல் தூண்களில் மூன்று கம்புகளையும் குறுக்கே போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை இரண்டு கம்புகள்தான் இருந்தன.

மூன்றாவது தரையில் கிடந்தது, நனைந்து. இரவில் மழை இல்லை. காற்றுதான் தள்ளியிருக்கும் என்றாள். அந்தத் தீவில் எந்தப் பழியையும் காற்றின் தலையில் போடலாம், கூலி கேட்காது.

அதற்கடுத்த நாள் ஒன்று.

வண்ணம் பூச வந்தவர் டப்பாவோடு வெளியிலேயே நின்றிருந்தார். "நீங்க இப்பத்தான் வர்றீங்களா மேடம்?" குரலைத் தாழ்த்தினார். "அப்ப இவ்வளவு நேரமா சுவருக்கு அந்தப் பக்கம் இருமினது யாரு?"

மூன்றாம் நாள் மாலை, சாவி ஒப்படைக்குமுன் கடைசியாகப் பார்க்க வந்தாள். கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி, வீட்டைப் பாதி விழுங்கியிருந்தது.

ஒரு கம்பும் இல்லை.

கதவைத் தள்ளினாள். டீசலும் மீனும் கலந்த வாடை. கால் வைத்த தரை சூடாக இருந்தது. தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய்களை இன்னும் யாரும் போட்டுப் பார்க்கவேயில்லை.

உள்ளறையில், அலமாரியில் மடித்து வைத்திருந்த மெத்தைகளில் ஒன்று விரிந்து கிடந்தது. தலையணை ஓரமாகத் தள்ளியிருந்தது. அப்பா தலையணை வைத்துப் படுக்கமாட்டார். மெத்தையில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். தொட்ட விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன் அழுகை வராததைப் போலவே.

"அப்பா?"

நகர்த்தும் கதவுக்கு அப்பால் ஓர் இருமல். பெண்பிள்ளை இருக்கும் அறைக்குள் வருமுன் தொண்டையைச் செருமிக்கொள்வாரே, அதே இருமல்.

கதவு நகரத் தொடங்கியது.

அவள் வெளியே போனாள். ஓடவில்லை. தோட்டத்து வட்டத்தில், தான் வைத்த நான்கு கற்களையும் பிடுங்கிப் போட்டாள். நகம் பெயர்ந்தது, வலிக்கவில்லை. ஓரடி வாசல் மறுபடி திறந்துகொண்டது. அதன் வழியாக யாரும் போகவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அம்மா சொன்னாள்: "சூடான தரையைக் கண்டுட்டாரா. இனி எங்க மண்ணுக்குப் போகப்போறாரு."

முதல் விருந்தாளிகள் தங்கிப் போன மறுநாள் குவாக் கூப்பிட்டார்.

"நாலு பேர்னு சொல்லிட்டு அஞ்சாவது மெத்தையையும் விரிச்சு நனைச்சு வச்சிருக்காங்க மேடம். கேட்டா சத்தியம் பண்றாங்க. கூடுதல் ஆளுக்கு ராத்திரிக்கு முப்பதாயிரம். யார்கிட்ட வசூல் பண்றது?"

"என் கணக்குல எழுதிக்குங்க."

"உங்க கணக்குலயா? எதுக்கு?"

"எழுதிக்குங்க."

அன்றிலிருந்து, அந்த மெத்தை நனையும் ஒவ்வோர் இரவுக்கும் மாதாமாதம் கட்டிவருகிறாள். கல்லறைக்கு வாங்கியது மூன்று கோடி; முப்பதாயிரம் வீதம் ஆயிரம் இரவு. நேற்றோடு நாற்பத்தொன்று கழிந்தது.

பாக்கி, தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது.