எடுத்து வைத்த துணி

மதுரை ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழைந்துவிட்டால் எதிரே ஒரு சைக்கிள்கூட வர முடியாது. சந்தின் கடைசி வீடு வஹீதாவுடையது. ஷஹனாஸ் மகள் அஃபீஃபாவையும் இரண்டு பைகளையும் இறக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றபோது அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வா புள்ள. இனி இது உன் வீடு," என்றாள் வஹீதா. அழுது அழுது அவளுக்குக் குரலே போய்விட்டிருந்தது. போனது அவளுடைய ஒரே தம்பி அல்லவா?

ஷஹனாஸின் கணவன் தாஜுதீன் சவூதியில் ஒரு லாண்டரியில் வேலை பார்த்தவன். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஷஹனாஸ் அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மனசு ஒரு வழியாக நம்பித் தொலைத்திருக்கும். பார்க்காத சாவை எப்படி நம்புவது?

கணவன் இறந்தால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நான்கு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டாமல், அலங்காரம் இல்லாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது. அதற்குத்தான் லால்குடி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு ஒதுக்கிய அறை தாஜுதீன் லீவில் வரும்போதெல்லாம் தங்குகிற அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், சுவருக்குள்ளேயே கட்டிய ஓர் அலமாரி.

பழைய காலத்துச் சுவர், முழங்கை ஆழம் இருக்கும். அதைக் குடைந்து சிமெண்டுத் தட்டு வைத்து, இரட்டைக் கதவு போட்டு, நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கீழ்த் தட்டு மட்டும் உயரமானது, படுக்கை சுருட்டி வைக்கிற அளவுக்கு. கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டது. பின்னாலேயே அவன் வாசனை வந்தது. ஷஹனாஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே அவன் சட்டைகள் அடுக்கியிருந்தன. லாண்டரிக்காரன் மடிப்பு. கைகள் இரண்டும் முதுகுப் பக்கம் போய், காலர் நிமிர்ந்து நிற்க, நான்கு மூலையும் ஒரே கோட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. அவளுடைய நைட்டியைக்கூட அப்படித்தான் மடிப்பான். "நைட்டிக்கு எதுக்கு இந்த மரியாதை?" என்று அவள் கேலி செய்வாள்.

"மவுத்தானவங்க துணிய வீட்ல வச்சுக்கக் கூடாது. இல்லாதவங்களுக்குக் குடுத்துடணும்," என்றாள் வஹீதா. மறுநாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள். ஊர் வழக்கம் அது.

ஷஹனாஸ் ஒன்றை மட்டும் ஒளித்துவிட்டாள். கடைசி லீவில் போட்டுக் கழற்றிய சாம்பல் நிறச் சட்டை, துவைக்காதது. மேல்தட்டில் போர்வைக்குப் பின்னால் திணித்து வைத்தாள். ஆசை யாரை விட்டது?

அவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் செய்வான். இந்த வருஷம் குடும்ப விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தான். "ரெண்டு பேருக்கும் எல்லாம் எடுத்து வச்சாச்சா? வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்," என்பான். "எடுத்து வச்சாச்சு, வாங்க," என்று இவள் சிரிப்பாள். ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுதான்.

நாத்தனார் வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. வராதுதானே. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்து போகிற சத்தம் அடங்கியதும் ஷஹனாஸ் அலமாரியைத் திறந்து, அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதையே சொன்னாள்.

"எடுத்து வச்சாச்சு. வாங்க."

சொல்லிவிட்டு நெடுநேரம் அழுதாள். பிறகு சட்டையைப் பழைய இடத்திலேயே திணித்து, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போனாள்.

மறுநாள் அலமாரியைத் திறந்தவள் கை அப்படியே நின்றது. போர்வைக்குப் பின்னால் கசக்கித் திணித்த சட்டை நடுத்தட்டில் இருந்தது. காலர் நிமிர்ந்து, நான்கு மூலையும் ஒரே கோட்டில்.

தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

இப்போதுதான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தது போன்ற சூடு. தட்டின் சிமெண்டு ஐஸாகச் சில்லிட்டுக் கிடந்தது. கஞ்சியும் நீராவியும் கலந்த ஒரு வாசனை சுவருக்குள்ளிருந்து வந்தது.

பயப்பட்டாளா? இல்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

அடுத்த சில நாட்களில் அவளுடைய சுடிதார்கள் மடிந்தன. பிறகு அஃபீஃபாவின் யூனிஃபார்ம், பாவாடை, பெருநாளுக்கு எடுத்த ரோஸ் கலர் கவுன். அம்மா துணி ஓர் அடுக்கு, பிள்ளை துணி ஓர் அடுக்கு. யூனிஃபார்மை அவள் கலைத்துப் பார்த்தாள். வெளியே எடுத்துக் கொடியில் போட்டும் பார்த்தாள். சாயங்காலம் திறந்தால் பழையபடி அடுக்கில் இருக்கும், சூடாக.

"அக்கா, அலமாரித் துணிய நீங்க மடிச்சீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? மூட்டு வலியில கைய மடக்கவே முடியல," என்றாள் வஹீதா. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. ராத்திரி யாசீன் ஓதிட்டுப் படு புள்ள."

ஓதிவிட்டுத்தான் படுத்தாள். தூக்கம் வர வேண்டுமே. அடுக்கு அடுக்காக, சுருக்கமில்லாமல், எண்ணி எடுத்தது போல... வீட்டில் புழங்குகிற துணியை யாரும் அப்படி அடுக்க மாட்டார்கள். அப்படி அடுக்குவது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெட்டி கட்டுவதற்கு.

அவன் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். இவள்தானே வாங்க என்றாள்? அவன் இப்போது இருக்கிற இடத்துக்கு, இவளையும் பிள்ளையையும்.

பிள்ளையை லால்குடிக்கு அம்மாவிடம் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தாள். இத்தாவில் தான் கூடப் போக முடியாது. அம்மாவுக்குப் போன் செய்தாள். நாளைக்குக் காலையில் வந்து கூட்டிப் போகிறேன் என்றாள் அம்மா. ஒரு பொழுது தாண்டினால் போதும்.

அன்று மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால், இருட்டும் நேரத்தில், கரண்ட் போனது. வஹீதா மெழுகுவர்த்தி வாங்கத் தெருமுனைக்குப் போனாள். ஷஹனாஸ் அடுப்படியில் பாலை இறக்கி வைத்துவிட்டு, "அஃபீ," என்று கூப்பிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அறைப் பக்கம் வந்தாள்.

"அஃபீஃபா?"

அறையில் ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. கொல்லைக் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. அலமாரிக் கதவு மட்டும் ஒரு விரல்கடை திறந்திருந்தது. சூடான நீராவி வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது.

இரண்டு கதவையும் இழுத்தாள்.

கீழ்த் தட்டில் அஃபீஃபா உட்கார்ந்திருந்தாள். ரோஸ் கலர் கவுன், வெள்ளை சாக்ஸ், ஷூ, எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாரிய தலை. ஸ்கூல் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

அந்தக் கவுனுக்குப் பட்டன் முதுகில். பெரியவர்கள் யாராவதுதான் போட்டுவிட வேண்டும். எல்லாப் பட்டனும் போட்டிருந்தது.

"யாரு உனக்கு இதப் போட்டுவிட்டா?" என்று கேட்டாள் ஷஹனாஸ்.

"சத்தம் போடாதம்மா," என்று பிள்ளை கிசுகிசுத்தது. "அத்தா உன் துணிய மடிக்கிறாங்க. முடிஞ்சதும் கிளம்பிடலாமாம்."

பிள்ளையின் தலைக்கு மேலே, இருட்டில், துணியைத் தட்டி நீவுகிற சத்தம் கேட்டது. உள்ளங்கையால் நீவுவது. ஒரு தட்டு, ஒரு நீவல். ஷஹனாஸுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

பிள்ளையை அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பையைப் பிடித்திருந்தார்கள். பையை உதறிவிட்டுப் பிள்ளையை மட்டும் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கவுன் சுட்டது.

"என்னங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "அவ சின்னப் புள்ளங்க. அவள விட்டுடுங்க. உங்க கால்ல விழறேன், அவள விட்டுடுங்க."

நீவுகிற சத்தம் நின்றது.

கதவு இரண்டும் மெதுவாக, உறங்குகிற பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்கிற பதனத்தோடு, உள்ளிருந்து சாத்திக்கொண்டன.

வஹீதா வந்ததும் ஷஹனாஸ் ஒளித்த சட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். வஹீதா திட்டவில்லை. பொழுது விடிந்ததும் துஆ ஓதிவிட்டு, அந்தச் சட்டையைத் தானே எடுத்துப்போய் தர்கா வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். சொன்னபடி ஷஹனாஸின் அம்மா வந்து பிள்ளையை லால்குடிக்குக் கூட்டிப் போனாள். அத்தோடு எல்லாம் நின்றது. துணிகள் கலைந்தது கலைந்தபடி கிடந்தன. அலமாரியில் பழைய சுவரின் ஈர வாடை மட்டும் மிஞ்சியது. கழிந்தது என்று இருவரும் மூச்சு விட்டார்கள்.

இத்தா முடிந்தது. ஷஹனாஸுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு ஃபிளாட்டை வாடகைக்குப் பிடித்து, லால்குடியிலிருந்து பிள்ளையையும் அழைத்துக்கொண்டாள். புதுக் கட்டடம், ஜன்னலைத் திறந்தால் ராஜகோபுரம். அஃபீஃபாவைப் புது ஸ்கூலில் சேர்த்தாயிற்று. படுக்கையறையில் சுவரோடு சேர்த்துச் செய்த கப்போர்டு இருந்தது. பளபளவென்று, பெயிண்ட் வாசனை போகாதது. ஷஹனாஸ் துணிகளை அதில் அள்ளிப் போட்டாள். வேண்டுமென்றே மடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கடையிலிருந்து சாப்பிட வந்தவள் கைகழுவிக்கொண்டிருந்தாள். அன்று ஸ்கூல் லீவு.

"அம்மா, இங்க வா."

அஃபீஃபா கப்போர்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். ஒரு தட்டில் பிள்ளையின் துணி, போட்டது போட்டபடி குப்பையாகக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

பக்கத்துத் தட்டில் ஷஹனாஸின் துணி. சுடிதார், புடவை, நைட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வெளியே போகும்போது போடுகிற புர்கா. நான்கு மூலையும் ஒரே கோட்டில்.

அவள விட்டுடுங்க என்று அன்றைக்குக் கெஞ்சினாளே தவிர, வராதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

பிள்ளை புர்காவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டது.

"சூடா இருக்கு," என்றது. பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டது. "நீ மட்டும் எங்கம்மா போற?"